பணத்தைக் கட்டும் முன் கணக்கைப் பார்ப்போம்!



பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியானதுமே நம் பகுதிகளில் ஒரே கேள்வி வீடு வீடாகச் சுற்றத் தொடங்கிவிடுகிறது. தாராவியானாலும் சயன் கோலிவாடாவானாலும், செம்பூரானாலும் கல்யாண், அம்பர்நாத் ஆனாலும் கேள்வி ஒன்றுதான்: "பிள்ளையை எந்தக் காலேஜில் சேர்ப்பது?"

நல்ல கேள்விதான். ஆனால் இதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் மூன்று இருக்கின்றன. படிப்பு முடியும்வரை மொத்தம் எவ்வளவு செலவாகும்? அதில் நமக்கு உரிமையாக வரவேண்டிய உதவி எவ்வளவு? மீதியை யார், எங்கிருந்து, எந்த மாதத்தில் கொடுப்பது? இந்த மூன்றையும் கேட்காமலே பெரும்பாலான குடும்பங்கள் கல்லூரி வாசலுக்குப் போய்விடுகின்றன.

இதனால் இரண்டு விதமான இழப்பு நேர்கிறது. ஒன்று, கட்டணத் தொகையைப் பார்த்தவுடன் மலைத்துப்போய், உதவியோடு படித்திருக்கக்கூடிய இடத்தைக் கைவிட்டுத் திரும்புவது. மற்றொன்று, நகையை அடகு வைத்து முதலாண்டுக் கட்டணத்தைக் கட்டிவிட்டு, இரண்டாம் ஆண்டில் வழி தெரியாமல் படிப்பை நிறுத்துவது. இரண்டாவது இழப்பு ஊருக்கே தெரிகிறது. முதலாவது யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. அந்தப் பிள்ளை நேரே ஏதாவது ஒரு கூரியர் கம்பெனியில் மூட்டை தூக்கப் போய்விடுகிறது.

நாம் கூற விரும்புவது இதுதான்: கல்லூரி அறிவிக்கும் கட்டணம் கல்லூரியின் விலை அல்ல. முழுப் படிப்புக்கும் ஆகும் செலவிலிருந்து உறுதியாகக் கிடைக்கும் உதவியைக் கழித்தபின் எஞ்சுவதுதான் நம் வீட்டுக்கு அதன் விலை. அந்த விலை குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். பிழைக்க வந்த மாநிலத்தில் வாழும் நமக்கோ, அது நம் பெட்டியில் இருக்கும் காகிதங்களைப் பொறுத்தும் மாறும்.

முழுப் படிப்புக்கும் கணக்கு

முதலாண்டுக் கட்டணத்தை மட்டும் பார்ப்பது ஏமாற்றத்தின் முதல் படி. ஒரு எடுத்துக்காட்டுக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தொகைகள் விளக்கத்துக்காக நாம் எடுத்துக்கொண்டவை, முறைதான் முக்கியம்.

ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் ஆண்டுக் கட்டணம் ரூ. 1,20,000 என்று வைத்துக்கொள்வோம். இதில் கல்விக் கட்டணம் ரூ. 1,05,000, வளர்ச்சிக் கட்டணம் ரூ. 15,000. தேர்வுக் கட்டணம், புத்தகம், வரைகருவி, சீசன் டிக்கெட், மதியச் சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு ரூ. 20,000. ஆக ஒரு ஆண்டுக்கு ரூ. 1,40,000. நான்கு ஆண்டுக்கு ரூ. 5,60,000.

மராட்டிய அரசின் ராஜர்ஷி சாகு மகராஜ் கல்விக் கட்டண உதவித் திட்டத்தில், குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத பொதுப் பிரிவு மாணவருக்குத் தொழிற்கல்வியில் கல்விக் கட்டணத்தில் பாதி கிடைக்கும். நம் கணக்கில் அது ஆண்டுக்கு ரூ. 52,500, நான்கு ஆண்டுக்கு ரூ. 2,10,000. கழித்தால் மிஞ்சுவது ரூ. 3,50,000. அதாவது மாதம் ஏறக்குறைய ரூ. 7,300. இந்தத் தொகையை 48 மாதம் இந்த வீடு தாங்குமா? இதுதான் கேள்வி. 5,60,000 என்றால் "முடியாது" என்று எழுந்து போகிற குடும்பம், 7,300 என்றால் உட்கார்ந்து யோசிக்கும். ஆண்டுக்காண்டு கட்டணம் ஏறக்கூடும் என்பதற்கும் கொஞ்சம் ஒதுக்கி வைக்க வேண்டும்.

ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. இந்த உதவி, அரசின் பொதுச் சேர்க்கை வழியாக இடம் பெற்றவர்களுக்கு மட்டுமே. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கிடையாது. அதே கல்லூரி, அதே வகுப்பு, அதே பெஞ்சு. ஒரு பிள்ளைக்கு 3,50,000, பக்கத்துப் பிள்ளைக்கு 5,60,000. "கவலையை விடுங்கள், சீட்டுக்கு நான் பொறுப்பு" என்று வருகிற தரகர் இந்த இரண்டு லட்சத்துப் பத்தாயிரத்தைப் பற்றி வாய் திறக்கமாட்டார். அவருக்குக் கமிஷன், நமக்குக் கடன்.

மராட்டியத்தில் தனியார் தொழிற்கல்லூரிகளின் கட்டணத்தை 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கட்டண ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயிக்கிறது. ஒவ்வொரு கல்லூரிக்கும் அனுமதிக்கப்பட்ட தொகையை எவரும் பார்க்கலாம். அதற்கு மேல் ரசீது இல்லாமல் கேட்டால் அது நன்கொடை அல்ல, சட்டவிரோத வசூல். நன்கொடை வசூலைத் தடைசெய்யும் சட்டம் இந்த மாநிலத்தில் 1987ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. சட்டம் இருப்பதை அறியாதவனிடம்தான் வசூல் சுலபமாக நடக்கிறது.

இரண்டு அரசுகளுக்கு நடுவே நாம்

மேலே சொன்னது எல்லா ஏழைக் குடும்பங்களுக்கும் பொது. நமக்கென்று தனியாக ஒரு துன்பம் உண்டு. நாம் எந்த மாநிலத்தவர் என்ற கேள்விக்கு இரு அரசுகளும் இருவேறு பதில் சொல்வதுதான் அது.

1990இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. ஆந்திரத்திலிருந்து மராட்டியம் வந்து வாழ்ந்த ஒரு பழங்குடி மாணவர், மும்பை மருத்துவக் கல்லூரியில் பழங்குடியினருக்கான இடம் கோரினார். பிறந்த மாநிலத்தின் பட்டியலில் இருப்பதாலேயே, குடிபெயர்ந்து வந்த மாநிலத்தில் அந்த உரிமை கிடைத்துவிடாது என்று நீதிமன்றம் கூறிவிட்டது. 2018இல் அரசியல் சாசன அமர்வும் மாநிலங்களைப் பொறுத்தவரை இதையே உறுதி செய்தது. ஆகவே தமிழ்நாட்டுத் தாசில்தார் கொடுத்த பட்டியல் சாதிச் சான்றிதழை வைத்துக்கொண்டு மராட்டிய அரசின் ஒதுக்கீட்டை எதிர்பார்த்துக் கணக்குப் போட்டால், கணக்கு பொய்த்துப் போகும்.

மராட்டியத்திலேயே சாதிச் சான்றிதழ் பெற வேண்டுமானால், குடும்பம் இங்கே எப்போது முதல் வாழ்கிறது என்பதற்குப் பழைய ஆதாரம் கேட்கிறார்கள். பட்டியல் சாதியினருக்கு 10-8-1950, நாடோடிப் பழங்குடியினருக்கு 21-11-1961, இதர பிற்பட்டோருக்கு 13-10-1967 என்பவை அந்த நாட்கள். தோல் பதனிடும் வேலைக்கும் மில் வேலைக்கும் துறைமுக வேலைக்கும் நம் முன்னோர் அதற்கெல்லாம் முன்பே வந்தவர்கள்தாம். வந்தது உண்மை, காகிதம் எங்கே? தாத்தாவின் பள்ளி விடுகைச் சான்று, மில் வேலைச் சீட்டு, பழைய வாடகை ரசீது என்று எது கிடைத்தாலும் குப்பையில் போடாதீர்கள். ஒரு மஞ்சள் பூத்த காகிதம் ஒரு பேரப்பிள்ளையின் நான்கு வருடக் கட்டணத்துக்குச் சமம்.

அந்தப் பக்கம் தமிழ்நாடு என்ன சொல்கிறது? அரசுப் பள்ளி மாணவர்க்கான 7.5 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு மருத்துவத்தில் 2020இலும் பொறியியலில் 2021இலும் வந்தது. கல்லூரி மாணவிக்கு மாதம் ரூ. 1,000 தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கப்பட்டது. இரண்டும் வரவேற்கத்தக்கவை. ஆனால் இரண்டும் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் 6 முதல் 12 வரை படித்தவர்களை எண்ணியே வகுக்கப்பட்டவை. மும்பை மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளியில் படித்த நம் பெண்ணும் அரசுப் பள்ளி மாணவிதான், தமிழில் படித்தவள்தான், ஏழைதான். ஆனாலும் அவள் அந்த வரிசையில் இல்லை.

இதனால் மனம் உடைந்துவிட வேண்டியதில்லை. திறந்திருக்கும் கதவுகளும் உண்டு. அவற்றைத் தெரிந்துகொண்டு கணக்கில் சேர்க்க வேண்டும்.

முதலாவது, மத்திய அரசு நிறுவனங்கள். ஐ.ஐ.டி., என்.ஐ.டி., மத்தியப் பல்கலைக்கழகங்களில் தமிழ்நாட்டுச் சாதிச் சான்றிதழ், மத்திய அரசுக்குரிய படிவத்தில் இருந்தால், செல்லும்.

இரண்டாவது, மத்திய அரசின் பட்டியல் சாதியினருக்கான பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய உதவித்தொகை. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். மாணவர் எந்த மாநிலத்தைச் சேர்ந்தவரோ அந்த மாநிலமே வழங்க வேண்டும் என்பது விதி. தமிழ்நாட்டுச் சான்றிதழ் உள்ளவர் தமிழ்நாட்டிடம்தான் கேட்க வேண்டும். சேர்ந்த பிறகு ஓடாமல், சேருவதற்கு முன்பே ஊரில் உள்ள ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும்.

மூன்றாவது, டொமிசைல் சான்றிதழ். மராட்டியத்தில் 15 ஆண்டு வாழ்ந்ததற்கு ஆதாரம் காட்டினால் இது கிடைக்கும். சாதிச் சலுகை இல்லாவிட்டாலும், மேலே நாம் கணக்கிட்ட பாதிக் கட்டண உதவிக்கு இதுவே சாவி.

நான்காவது, மதிப்பெண்ணுக்கான மத்திய அரசு உதவித்தொகை. பன்னிரண்டாம் வகுப்பில் தம் தேர்வு வாரியத்தின் முதல் 20 சதவீதத்துக்குள் வந்து, குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் விண்ணப்பிக்கலாம். இளநிலைப் படிப்பில் முதல் மூன்று ஆண்டுக்கு ஆண்டுதோறும் ரூ. 12,000. இதற்குத் தமிழனா மராட்டியனா என்ற கேள்வியே இல்லை.

எட்டாத உயரம் என்று நினைத்தவை

பவாயில் ஐ.ஐ.டி. இருக்கிறது. மாதுங்காவில் 1887இல் தொடங்கப்பட்ட வி.ஜே.டி.ஐ. இருக்கிறது. நம் பிள்ளைகள் தினமும் ரயிலில் அந்தப் பக்கமாகப் போய்வருகிறார்கள். "அதெல்லாம் பெரிய இடம், நமக்கு ஏது" என்று சொல்லிக் கொடுத்தது யார்?

ஐ.ஐ.டி.களில் கல்விக் கட்டணம் 2016இல் ஆண்டுக்கு ரூ. 90,000 என்பதிலிருந்து ரூ. 2,00,000 ஆக உயர்த்தப்பட்டது. அதை நாம் அன்றும் கண்டிக்கத்தான் வேண்டும், இன்றும் கண்டிக்கத்தான் வேண்டும். ஆனால் அதே உத்தரவில் பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறனாளி மாணவருக்குக் கல்விக் கட்டணம் முழுவதும் விலக்கப்பட்டது. குடும்ப வருமானம் ஒரு லட்சத்துக்குள் இருந்தால் எந்தச் சாதியானாலும் முழு விலக்கு; ஒன்று முதல் ஐந்து லட்சம் வரை என்றால் மூன்றில் இரண்டு பங்கு விலக்கு. விடுதியும் உணவும் தனி. 2 லட்சம் என்ற எண்ணைப் பார்த்து அஞ்சி, உதவி ஏதுமற்ற ஒரு நிர்வாக இடத்துக்கு 1,20,000 கட்டுகிற குடும்பம், மலிவு என்று எண்ணி அதிக விலையை வாங்குகிறது.

எல்லோரும் ஐ.ஐ.டி.க்குப் போக முடியாது என்பது உண்மை. அதற்கும் வழி உண்டு. பத்தாம் வகுப்புக்குப் பின் அரசு பாலிடெக்னிக்கில் மூன்றாண்டு டிப்ளமோ. அதன்பின் நேரடியாகப் பொறியியல் இரண்டாம் ஆண்டு. இடையில் வேலைக்குப் போக நேர்ந்தாலும் கையில் ஒரு படிப்பு இருக்கும். இந்த வழியைத் தாழ்வாக நினைக்கும் பழக்கத்தை நாம் விட்டொழிக்க வேண்டும்.

தொகை மட்டுமல்ல, நாளும் முக்கியம்

2024இல் நடந்ததைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். உத்தரப்பிரதேசத்தில் ஒரு தினக்கூலித் தொழிலாளியின் மகன், தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவன், தன்பாத் ஐ.ஐ.டி.யில் இடம் பெற்றான். இடத்தை உறுதி செய்யக் கட்ட வேண்டிய தொகை ரூ. 17,500. ஜூன் 24 மாலை 5 மணிக்குள் கட்ட வேண்டும். ஊரார் சேர்ந்து பணம் திரட்டி முடிப்பதற்குள் நேரம் கடந்துவிட்டது. இடம் பறிபோயிற்று. செப்டம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம் தன் சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தி அந்த மாணவனைச் சேர்க்க உத்தரவிட்டது.

அந்த மாணவனுக்கு நீதி கிடைத்தது. ஆனால் எத்தனை பேரால் டில்லி வரை போக முடியும்? கல்விக் கட்டணம் முழுவதும் விலக்கப்பட்டிருக்கக்கூடிய ஒரு பிள்ளையை, குறிப்பிட்ட நாளில் கையில் இல்லாத பதினேழாயிரத்து ஐந்நூறு ரூபாய் தடுத்தது என்பதை நாம் மறக்கக் கூடாது. உதவித்தொகை சேர்க்கை நாளன்று வருவதில்லை. விண்ணப்பம், சரிபார்ப்பு எல்லாம் முடிந்து பிறகுதான் வரும். ஆகவே கணக்கில் இரண்டு பத்திகள் வேண்டும்: எவ்வளவு, எந்த நாள். முதல் ஆண்டுக்கான கைப்பணத்தைப் பதினோராம் வகுப்பிலிருந்தே சீட்டுப் போட்டுச் சேர்க்க வேண்டும்.

பணம் நேரே மாணவர் கணக்குக்கு வருவதால் ஆதாருடன் இணைத்த வங்கிக் கணக்கு தேவை. நம்மவர்க்கு இன்னொரு தொல்லை பெயர். பள்ளிப் பதிவேட்டில் இனிஷியல், ஆதாரில் அப்பா பெயர் பின்னால், ரேஷன் கார்டில் இந்த ஊர் வழக்கப்படி முன்னால். மூன்றிலும் மூன்று ஆளாக நிற்கும் பிள்ளைக்கு எந்த உதவியும் வந்து சேராது. ஒன்பதாம் வகுப்பிலேயே இதைத் திருத்திவிடுங்கள்.

கடன் வாங்கலாமா?

வாங்கலாம், யாரிடம் என்பதே கேள்வி. நூற்றுக்கு மூன்று வட்டி என்று ஒரு லட்சம் வாங்கினால் வருடத்துக்கு வட்டி மட்டும் ரூ. 36,000. வங்கியில் பத்து சதவீதம் என்று வைத்தாலும் ரூ. 10,000தான். 4 லட்சம் வரையிலான கல்விக் கடனுக்குச் சொத்து ஈடு தேவையில்லை என்பது வங்கிகள் ஏற்றுக்கொண்ட மாதிரித் திட்டத்தின் விதி. குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் தொழிற்படிப்பு படித்தால், படிக்கும் காலத்துக்கும் அதன்பின் ஓராண்டுக்கும் வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டமும் உண்டு. கிளை மேலாளர் மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வாய்மொழி மறுப்பை ஏற்றுக்கொண்டு திரும்பாதீர்கள்.

ஆனால் கடன் உதவி அல்ல. உதவி என்ற பத்தியில் கடனை எழுதி மனத்தைத் தேற்றிக்கொள்ளக் கூடாது. படிப்பு முடிந்து முதல் வேலையில் கிடைக்கும் சம்பளத்தில் மாதத் தவணை எவ்வளவு பிடிக்கும் என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும். படிப்பு பிடிக்காமலோ பணம் இல்லாமலோ விலக நேர்ந்தால், அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் அறிவித்திருப்பதையும் நினைவில் வையுங்கள்.

மகளின் பங்கு எங்கே?

பணம் குறைவாக இருக்கும்போது கத்தி முதலில் மகளின் படிப்பில்தான் விழுகிறது. "அவன் என்ஜினீயரிங் படிக்கட்டும், இவளுக்குப் பக்கத்து காலேஜ் போதும்" என்று வீட்டில் முடிவெடுக்கிறார்கள். கணக்குப் பார்த்துத்தான் இப்படிச் சொல்கிறார்களா? இல்லை. 2024-25ஆம் கல்வியாண்டு முதல் மராட்டியத்தில், 8 லட்சத்துக்கு மேற்படாத வருமானமுள்ள, பொருளாதாரத்தில் நலிந்த பிரிவு, சமூக, கல்வி ரீதியில் பின்தங்கிய பிரிவு, இதர பிற்பட்டோர் ஆகிய பிரிவுகளின் மாணவிகளுக்குத் தொழிற்கல்வியில் கல்விக் கட்டணமும் தேர்வுக் கட்டணமும் முழுமையாக விலக்கப்பட்டன. நம் மகள் இந்தப் பிரிவுகளில் வருகிறாளா என்பதைச் சான்றிதழ்தான் தீர்மானிக்கும். வந்தால், மகனைவிட மகளின் படிப்பே மலிவு! பார்க்காமலே மகளின் படிப்பை நிறுத்துவது சிக்கனம் அல்ல, அநீதி.

சங்கத்தின் கடமை

ரயில்வேயில் நிரந்தர ஊழியர்களாகிய எங்களுக்குக் கிடைக்கும் பிள்ளைகள் கல்விப்படி பெரும்பாலும் பள்ளிப் படிப்போடு நின்றுவிடுகிறது. அதே பிளாட்பாரத்தைக் கூட்டும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு அதுவும் இல்லை. கல்வியைச் சந்தைப் பொருளாக்கிய அரசுகள், விலைச் சீட்டை மட்டும் மாட்டிவிட்டு, தள்ளுபடியை நூறு விதிகளுக்குள் ஒளித்து வைத்திருக்கின்றன. அந்த விதிகளைத் தனித்தனியே ஒவ்வொரு குடும்பமும் தேடிக் களைப்பதைவிட, சேர்ந்து தேடுவதே அறிவு. அதற்குத்தானே சங்கம்?

ஒவ்வொரு கிளையும் ஒரு நோட்டுப் புத்தகம் தொடங்கட்டும். இந்த ஆண்டு கல்லூரியில் சேர்ந்த ஒவ்வொரு பிள்ளையும் உண்மையில் கட்டிய தொகை, விண்ணப்பித்த உதவி, கைக்கு வந்த தொகை, வந்த மாதம் ஆகியவற்றை எழுதி வைப்போம். அரசின் அறிவிப்பு வேறு, வீட்டுக்கு வந்து சேர்ந்தது வேறு என்பதை இந்த நோட்டுதான் காட்டும். அடுத்த ஆண்டுப் பிள்ளைக்கு அதுவே வழிகாட்டி. அமைச்சர் முன் வைக்க அதுவே ஆதாரம்.

அரசுகளிடம் நமது கோரிக்கைகள் தெளிவானவை. வெளிமாநிலங்களில் அரசு, மாநகராட்சிப் பள்ளிகளில் தமிழ் படித்த ஏழைப் பிள்ளைகளுக்கும் தமிழ்நாட்டின் கல்வி உதவிகளை நீட்டிக்க வேண்டும். குடிபெயர்ந்த பட்டியல் சாதி, பழங்குடி மாணவரின் உதவித்தொகை எந்த அரசின் பொறுப்பு என்பதில் அலைக்கழிப்பு இல்லாமல், படிக்கும் ஊரிலேயே விண்ணப்பித்துப் பெறும் ஏற்பாடு வேண்டும். உதவிக்குத் தகுதியுள்ள மாணவரிடம் சேர்க்கை நாளன்று முழுக் கட்டணம் கேட்பதை நிறுத்த வேண்டும். ஒவ்வொரு கல்லூரியும் முழுப் படிப்புக்கான மொத்தச் செலவையும், கிடைக்கக்கூடிய உதவிகளையும், விண்ணப்பப் படிவத்தோடு அந்தந்த வட்டார மொழியில் அச்சிட்டுத் தர வேண்டும்.

கோரிக்கை நிறைவேறும்வரை பிள்ளைகள் வளராமல் காத்திருக்கமாட்டார்கள். ஆகவே ஒன்பதாம் வகுப்பில் பிள்ளை இருக்கும் ஒவ்வொரு வீடும் இந்த மாதமே பெட்டியைத் திறந்து காகிதங்களை எடுத்துப் பார்க்கட்டும். எது இருக்கிறது, எது இல்லை என்று குறித்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மாலை கிளைச் சங்கத்துக்கு வாருங்கள். பிள்ளையையும் அழைத்து வாருங்கள். அது அவர்களுடைய கணக்கு. மகளையும் மறக்காமல் அழைத்து வாருங்கள்.